குளத்துத் தண்ணீர், மணிக்கூண்டுத் தூசி

சோற்றைக் கரிய விட்டவர்கள் உண்டு, பாலைப் பொங்க விட்டவர்கள் உண்டு. தண்ணீரைக் கரிய விட்ட ஆள், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அதன் பின்கட்டிடத்தில் ஓமனா டீச்சரின் ஆராய்ச்சி அறை. கண்ணாடி கழுவுவது, எலிக்குத் தீனி போடுவது, சுத்தத் தண்ணீர் வடிப்பது என்ற மூன்று வேலைகளுக்கும் சேர்த்து அங்கே யோசுவா என்று பெயர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர வைத்துச் சொட்டுச் சொட்டாக வடிக்கிற கருவிக்கு ஸ்டில் என்று சொல்வோம். குழாயில் தண்ணீர் நின்றால் உடனே அதை அணைத்துவிட வேண்டும். தொண்ணூற்றாறு ஜூலையில் ஒரு நாள் குழாயில் தண்ணீர் நின்றது. நான் டீக்கடையில் கேரளத்தை ஆளத் தகுந்தவர் கருணாகரனா நாயனாரா என்று தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஸ்டில் கறுத்துப்போய், அறை முழுக்க நாறிக்கொண்டிருந்தது.

டீச்சர் கோழிக்கோட்டில் அண்ணன் மகளுடைய கல்யாணத்துக்குப் போயிருந்தார். வர இன்னும் பத்து நாள். அலமாரியில் ஆறு குடுவைகள். வேகவைத்த மண்ணில் டீச்சர் ஒரு பூஞ்சையை வளர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வடித்த தண்ணீர் ஊற்றாவிட்டால் காய்ந்துவிடும். நான் யோசித்தேன். எனக்கு யோசனை வருகிற நாள்களில்தான் கல்லூரிக்குச் சேதம் வருவது வழக்கம். கட்டிடத்துக்குப் பின்னால் குளம் இருந்தது. ஒரு வாளி மொண்டு வந்தேன். மனசாட்சிக்காக ஒரு துணியில் வடிகட்டினேன்.

இந்தப் பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புறா எச்சத்தில் வளருகிற சாதி இது. பேயெள்ளு என்ற எண்ணெய் விதையை அரைத்துச் செய்த சோதனைத் தட்டில் விதைத்தால் நாலைந்து நாளில் காப்பிப்பொடி நிறத்துக்கு வரும். டீச்சருடைய குடுவையில் இருந்தது மட்டும் அப்படி இல்லை. எத்தனை நாள் வைத்தாலும் தயிர்ப்பொட்டு மாதிரி வெளுப்பாகவே கிடக்கும். யாரோ வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்பிய, நிறம் பிடிக்கத் தெரியாத பிறவி. டீச்சர் அதை வெள்ளச்சி என்றுதான் கூப்பிடுவார். பரம சாது. எலிக்கு ஊசியில் ஏற்றினாலும் எலி தும்மக்கூடச் செய்யாது.

ஊரில் உள்ள காப்பிநிறப் பூஞ்சையும் டீச்சருக்கு வேண்டும். அதற்கு எங்கள் சபையின் வேதக்கோயில் மணிக்கூண்டு இருந்தது. எழுபது எண்பது புறாக்கள். என் அக்கா சுகிர்தபாயின் கணவர் ராஜையா அங்கே கோயில்குட்டி. மணி அடிப்பது, கூட்டுவது, கதவு திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. டீச்சர் கேட்டதால் மாதம் ஒருமுறை மேலே ஏறி எச்சத்தைக் கூட்டி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து தருவார். ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சாக்கைத் திறக்கும்போது டீச்சர் மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி கட்டிக்கொள்வார்.

"எங்க கோயிலுக்க நாத்தம் டீச்சருக்குப் பிடிக்கேல்ல, பாத்தியா" என்று ராஜையா அத்தான் என் காதில் சொல்வார். சொல்லிவிட்டு, இழுப்பில் இரண்டு மூச்சு வாங்கி, தலைப்பாகையாகக் கட்டியிருந்த தோர்த்தை அவிழ்த்து, தூசி பறக்க உதறி, அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

டீச்சர் கல்யாணம் முடிந்து வந்தார். கரிந்த ஸ்டில்லைப் பார்த்தார். குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அங்கேயே அரைமணி நேரம் குனிந்து இருந்தார். பிறகு நிமிராமலே கூப்பிட்டார்.

"எடோ யோசுவா. குடுவைக்கு எந்தத் தண்ணி ஊத்தினாய்?"

"ஸ்டில் தண்ணிதான் டீச்சர்."

"ஸ்டில் கரிஞ்சல்லோ கிடக்குது."

"அதுக்கு முன்னால வடிச்சு வச்சிருந்த தண்ணி."

"அப்படியா. இங்க வந்து பாரு."

பார்த்தேன். ஒரு துளிக் கஞ்சி தானாக நடந்துபோவது போல ஏதோ ஒன்று நகர்ந்தது. கையும் இல்லை, காலும் இல்லை. போகிற வழியில் உருண்டையான பூஞ்சை ஒன்றைத் தொட்டது, வளைத்தது, உள்ளே இழுத்துக்கொண்டது.

"அமீபா. மண்ணில உண்டு, குளத்தில உண்டு. ஸ்டில்லில கிடையாது" என்றார் டீச்சர். என் முகத்தைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தேன். அது அன்று ஓடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். டீச்சரோ அடுத்த சொட்டில் கறுப்பு மையைக் கலந்து மறுபடி பார்க்கச் சொன்னார். மை பூஞ்சைக்குள் ஏறாது. கறுப்பு நடுவில் அது மட்டும் வெளிச்சமாகத் தெரியும். முன்பு வெள்ளச்சியைச் சுற்றி நூல்போல ஒரு வெளுப்பு இருக்கும். இப்போது கத்தோலிக்கர் வீட்டுக் காலண்டரில் புனிதர் தலையைச் சுற்றி இருக்குமே, அந்த அளவுக்குத் தடிமனான வட்டம்.

"ஆயிரத்தில தொள்ளாயிரத்தித் தொண்ணூறையும் அமீபா தின்னு தீத்தாச்சு" என்றார் டீச்சர். "அந்த வட்டம் பூஞ்சைக்க சட்டையாக்கும். சட்டை மெலிசா உள்ளதெல்லாம் போச்சு. கட்டிச் சட்டை உள்ளது நாலஞ்சு முன்னமே எங்கயோ கிடந்திருக்கணும். அது வாய்க்குள்ள போயும் சீரணமாகாம வெளிய வந்து, பெருகியிருக்கு."

அன்று மாலையே குளிர்பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி டீச்சரின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. பன்னிரண்டு எலிகளில் ஆறுக்குப் பழைய வெள்ளச்சி, ஆறுக்கு இந்தப் புது வெள்ளச்சி என்று ஊசி போட்டார். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். பூட்டுப் போடுகிற அளவுக்கு ஒண்ணுமில்லாத ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஆறு குடுவைகளையும் கொன்றுவிடச் சொன்னார். பெரிய குக்கரில் வைத்து ஆவியில் வேகவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார். தட்டில் ஆறையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு வருகிறேன், ராஜையா அத்தான் சாக்கோடு உள்ளே நுழைகிறார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை நீட்டும்போது எங்கள் பொருளாளர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, போட்டது எவ்வளவு என்று ஓரக்கண்ணால் பார்ப்பாரே, அதே சாய்வில் தட்டை அத்தான் முன்னால் நீட்டினேன். அத்தான் சிரித்தார். என் கழுத்தோடு தட்டும் சாய்ந்தது. ஒரு குடுவை வழுக்கி அவர் காலடியில் விழுந்து உடைந்தது. முழங்கால் வரை சேறு.

"எலே மக்கா, இதென்னல சாணியா?"

"சும்மா மண்ணு அத்தான். நல்ல உரமாக்கும்."

அவருடைய தோர்த்தாலேயே காலைத் துடைத்துவிட்டேன். அவர் அதை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார். நான் சில்லுகளைப் பொறுக்கி, ஐந்து குடுவைகளை வேகவைத்தேன்.

"ஆறும் வெந்தாச்சா?" என்றார் டீச்சர்.

"வெந்தாச்சு டீச்சர்."

கழுவிக் கவிழ்த்திருந்த குடுவைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

எலிகளுக்கு நான் சபைக் கமிட்டிக்காரர்களின் பெயரை வைத்திருந்தேன். செப்டம்பர் நடுவில் புது வெள்ளச்சி ஏறிய கூண்டில் பொருளாளர் முதலில் போனார். அடுத்த வாரம் செயலாளர். மாதக் கடைசிக்குள் ஆறும் போய்விட்டன. பழைய வெள்ளச்சிக் கூண்டில் எல்லாரும் கொழுகொழுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நோட்டில் ஏதோ எழுதி, மேசை அறையில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தானுடைய முழங்கால் ஞாபகத்துக்கு வந்தது.

அக்டோபரில் அத்தான் தலைவலி என்றார். பிறகு வாந்தி. ஒரு ஞாயிறு மூன்றாம் மணியை அடிக்க மறந்து கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கட்டிலருகே போனபோது கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரண்டு யோசுவா நிக்குதே. ஒண்ணு போதாதா எங்களுக்கு?"

முதுகெலும்பில் நீர் எடுத்தார்கள். கறுப்பு மை கலந்து பார்த்தார்களாம். டாக்டர் ஒரு பெயரைச் சொன்னார். வாயில் நுழையாத பெயர். ஆனால் என் வாயில் நுழைந்தது. தினமும் குடுவையின் லேபிளில் துடைக்கிற பெயர் அது. மூளையைச் சுற்றிப் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் வினை. "இது பெரும்பாலும் எய்ட்ஸ் உள்ளவங்களுக்குத்தான் வரும். ரத்தத்தையும் பாக்கணும்." வராந்தாவில் நின்று சொன்னார். அங்கே எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆனந்தபாய், வேறு யாரையோ பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றிருந்தாள். நாங்கள் பாறசாலையில் பஸ் இறங்குவதற்கு முன்னால் செய்தி இறங்கிவிட்டது. அத்தான் கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் பம்பாயில் இருந்தவர். ஊருக்கு அது போதும்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இரண்டாம் முறை பார்த்ததிலும் இல்லை. "பேப்பரு என்ன, ரூவா குடுத்தா யாரும் எழுதித் தருவினும்" என்றாள் ஆனந்தபாய்.

நவம்பர் முதல் ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையில் திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே கிண்ணத்தில். வரிசையாக முழங்காலில் நிற்க, போதகர் ஒவ்வொரு வாயாகக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே வருவார். அக்கா போய் முழங்காலிட்டாள். அவளுக்கு இடது பக்கம், கிண்ணம் முதலில் வருகிற பக்கத்தில், பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வலது பக்கம் காலி. சாதாரணமாகக் கடைசியில் அசைந்து வருகிற கிழவிகள்கூட அன்று ஓடிவந்து அவளுக்கு முன்னால் இடம் பிடித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கடைசி ஆளாக நின்றாள்.

நான் எழுந்து பெண்கள் பக்கம் போய் அவளுக்கு வலது பக்கத்தில் முழங்காலிட்டேன். அவள் குடித்த கிண்ணத்தை வாங்கி ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, மூன்று மடக்கு குடித்தேன். போதகர் கிண்ணத்தைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. குடிகாரன் என்று பெயர் வந்தது. பரவாயில்லை, ஒரு வாரம் ஊருக்குப் பேச வேறு விஷயம் கிடைத்தது.

வெளியே வாகை மரத்தடியில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலே, நீ அந்தக் கருமத்தை வளக்குத இடத்திலதானே வேலை பாக்குத? அவருக்கு அது எங்கேருந்து வந்துதுண்ணு கேட்டுச் சொல்லு. எனக்க மவ நீதுவைப் பொண்ணு பாக்க அம்பூரியிலேருந்து வாறோம்ணு சொன்னவிய வரேல்ல. எனக்க பிள்ளைக்க வாழ்க்கையாக்கும், மக்கா."

"கேக்குதேன் அக்கா."

"பகிடி பண்ணாமக் கேளு."

கேட்டேன். டீச்சர் சோதனைக்குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அத்தானுக்கு வந்தது எங்கேருந்து?"

"இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது."

"எப்போ சொல்லலாம்?"

"சொல்லலாம்போது சொல்லலாம். நீ போய் எலிக்குத் தண்ணி வை." சற்று நின்று, "நல்ல தண்ணியா வை" என்றார்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் இரண்டு நாள் என் வயிற்றில் கிடந்தன. அதன்பிறகு நான் டீச்சரைக் கவனிக்க ஆரம்பித்தேன். புதன்கிழமை அவர் தனியாக எங்கள் மணிக்கூண்டில் ஏறினார் என்று கோயிலுக்கு எதிர்க்கடையில் சொன்னார்கள். முகமூடி கட்டி, பை நிறைய எதையோ எடுத்துப் போனாராம். வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே லேபில் உள்ளவரிடம் பேசி, ஒரு சிறிய குப்பியைப் பஞ்சில் பொதிந்து கொண்டுபோனார் என்று அக்கா சொன்னாள். போகிறபோது அத்தானுடைய மருந்துப் பெட்டியையும் திறந்து பார்த்தாராம்.

"எதுக்கு அவியளுக்கு நம்ம பெட்டி?" என்றாள் அக்கா.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் குடுவைதான் காரணம். அது டீச்சருக்கும் தெரியும். வெளியே தெரிந்தால் ஆராய்ச்சி அறை மூடிப்போகும். அதனால் தடயங்களைப் பொறுக்கி ஒளிக்கிறார். மறுநாள், பூஞ்சைத் தட்டுகளை வளர்க்கிற சூடுபெட்டிக்கும் ஒரு பூட்டு தொங்கியது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்று தட்டுகள். கவிழ்த்து வைத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன யோசுவா?"

"பெட்டி துடைக்க வந்தேன் டீச்சர்."

"துணி எங்க?"

என் கையில் துணி இல்லை. டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரே வீட்டில் திருடப் போய் எதிரெதிரே முட்டிக்கொண்ட இரண்டு பேர் போல இருந்தது.

ஐந்து நாள் தூக்கமில்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பேசாமல் இருந்தால் நீதுவுக்குக் கல்யாணம் நடக்காது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். தராசு பிடிக்கிற கை என்னுடையது என்பதால் அது நேராக நிற்கவில்லை. வியாழக்கிழமை காலை ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். டீச்சர் உட்காரும் முன்பே ஆரம்பித்தேன்.

"டீச்சர், அது குளத்துத் தண்ணியாக்கும். ஸ்டில்லைக் கரிய விட்டதும் நான். வெந்தது அஞ்சு குடுவைதான். ஒண்ணு அத்தானுக்க கால்ல உடைஞ்சுது. அவருக்க தோர்த்தில நானே துடைச்சேன். அதை வச்சு அவரு முகமும் துடைச்சிருப்பாரு. இனி நீங்க எனக்க வேலையை எடுத்துக்கிடுங்க. ஆனா எங்க அக்காவுக்கு நான் ஒரு பதிலு சொல்லணும். பகிடி இல்லாத பதிலு. அந்தப் பூஞ்சை என்னால வந்ததா, இல்லியா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஸ்டில்லில அமீபா கிடக்காதுண்ணு அண்ணைக்கே சொன்னேன். கவிழ்த்தின குடுவை அஞ்சுண்ணு எனக்கு எண்ணத் தெரியாதா? நீயே சொல்லட்டேண்ணு இருந்தேன். நாலு மாசம் ஆச்சு உனக்கு."

கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியை எடுத்துச் சூடுபெட்டியைத் திறந்தார். மூன்று தட்டுகளையும் என் முன்னால் நிமிர்த்தி வைத்தார். எல்லாம் பேயெள்ளுத் தட்டுகள்.

முதல் தட்டில் தயிர்ப்பொட்டுகள். "இது உன் குடுவையில மிச்சம் வந்தது. சட்டை தடிச்சது. எலியைக் கொல்லவும் படிச்சது. ஆனா நிறம் பிடிக்க இன்னும் தெரியாது. இப்பவும் வெள்ளச்சிதான்."

இரண்டாவது தட்டில் காப்பிப்பொடி நிறம். "இது போன வாரம் புதன்கிழமை நான் மணிக்கூண்டிலேருந்து எடுத்தது."

மூன்றாவது தட்டை விரலால் என் பக்கம் தள்ளினார். "இது ராஜையாவுக்க முதுகிலேருந்து எடுத்த நீரில வளந்தது. இதுக்க நிறம் வரட்டேண்ணுதான் இவ்வளவு நாளும் வாய் திறக்காம இருந்தேன்."

காப்பிநிறம். கெட்டியாக, சந்தேகத்துக்கு இடமில்லாத காப்பிநிறம்.

"உன் குடுவை இல்ல, யோசுவா" என்றார் டீச்சர்.

"அப்போ மணிக்கூண்டிலயும் அமீபாவா?"

"மழைச்சாரல் அடிக்கிற மூலையில, நனைஞ்ச எச்சத்தில உண்டு. பத்து நாள்ல உன் குளத்துத் தண்ணி செஞ்சதை அங்க எத்தனை காலமா செஞ்சிட்டிருக்கோ. வாயில அகப்பட்டும் சாகாததுதான் அங்க மிச்சம். நம்ம உடம்பிலயும் கிருமியை விழுங்க அமீபா மாதிரி ஒரு செல் உண்டு. பூஞ்சைக்கு ரண்டும் ஒண்ணுதான். மனுசனைக் கொல்லணும்ணு அதுக்கு ஒரு விரோதமும் இல்ல. அங்க பிழைக்கப் படிச்சதை இங்கயும் செய்யுது, அவ்வளவுதான். இது நான் நினைக்கிறது. நிரூபிக்க இன்னும் வேலை கிடக்கு."

"அந்தத் தூசியை ஏணிக்குக் கீழ நானும்தான் தின்னேன் டீச்சர். எனக்கு ஒண்ணும் ஆகேல்லியே."

"நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. ராஜையா இழுப்புக்காக ஒண்ணரை வருஷம் டாக்டர் சீட்டு இல்லாம ரோட்டோரக் கடையில வெள்ளைக் குளிகை வாங்கித் தின்னிருக்கான். ஸ்டீராய்டு. அந்தப் பெட்டியைத்தான் நான் திறந்து பாத்தேன். அது விழுங்குத செல்லை உறங்கப் போட்டுட்டுது. எய்ட்ஸும் இல்ல, பம்பாயும் இல்ல. இதை அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கிட்ட எழுதி வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை உங்க சபையில நானே வந்து சொல்லுதேன். மூணு தட்டையும் கொண்டு வாறேன். ஆனந்தபாய் முன் பெஞ்சில இருக்கட்டு."

என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஸ்டில் தண்ணீர் அளவுக்குச் சுத்தமானது என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். கடிதம் சட்டைப்பையில் வியர்த்து நனைந்திருந்தது. ஆனாலும் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மாதாமாதம் அந்த ஏணியைப் பிடித்தவன் நான்.

"அப்போ இது யாருக்க தப்பு டீச்சர்? நேராச் சொல்லுங்க."

டீச்சர் அலமாரியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அடுக்கடுக்காக முகமூடிகள். பாதிக்கு மேல் பிரிக்காத பொதிகள்.

"எனக்கத்தான்" என்றார். "அம்பது வாங்கினேன். ஒண்ணு அவனுக்குக் கொடுக்கணும்ணு ஒரு நாளும் எனக்குத் தோணல."